காய்ச்சலைக் காட்ட வந்தவர்கள்

1

கம்பனிக் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது "கட்டாயம்" என்ற சொல். அவ்வளவுதான், சோலி முடிந்தது என்று கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கிற இந்த ஊரில், பாண், அதாவது ரொட்டி, சுடுகிற ஒரே பெக்டரியில், பதினாறு வருஷமாக வேலை. காலை ஆறிலிருந்து இரண்டு வரை அங்கே. பின்னேரம் நாலிலிருந்து எட்டு வரை ஒரு மொத்த வியாபாரக் கடையில் ராக்கைகளில் சாமான் அடுக்குவது. ஐம்பத்திரண்டு வயதுக்காரனை இனி வேறு யார் எடுப்பார்கள்?

வசந்தி கடிதத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். என் மனைவி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். என்னைவிட நன்றாக இங்கிலீஷ் வாசிப்பாள். வாசித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

"வேலையை விட்டு நிறுத்தலங்க. லீவு எடுக்கச் சொல்றாங்க. ஒரு கிழமை, ஏழு நாளும், கட்டாயம் எடுக்கணுமாம். எடுக்காட்டி சட்டப்படி அவுங்களுக்குத்தான் கரைச்சலாம்."

"லீவு எடுத்து நான் என்ன செய்ய?"

"அதை ஒங்க மகக்கிட்ட கேளுங்க."

எங்களுக்கு ஒரே மகள், துளசி. இருபது வயது. வடக்கே மூன்று மணி நேர ரயில் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். வீட்டுக்கு வருவது குறைவு. போன நத்தாருக்கு, கிறிஸ்மஸ் லீவில், இரண்டு நாள் நின்றாள். மூன்றாம் நாள் விடிய, படிக்க நிறைய இருக்கிறது என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். போன் எடுத்தால் அம்மாவோடு அரை மணி நேரம், என்னோடு அரை நிமிஷம்.

அன்றைக்குக் கடிதக் கதையைச் சொன்னதும் அது உண்மைதானா என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு ஒரு நிபந்தனை போட்டாள்.

"நீங்க சும்மா இருக்கிறதுன்னா வர்றேம்ப்பா. முழு கிழமையும் வந்து நிக்கிறேன். வேலி அடிக்கிறது, பெயின்ட் அடிக்கிறது, கடை வேலை, ஒண்ணும் இல்ல. சும்மா. முடியுமா?"

"ஏன் முடியாது? சும்மா இருக்கிறதுக்கு என்ன படிப்பா வேணும்?"

"முடியாட்டி நான் திரும்பிப் போயிருவேன். சொல்லிட்டேன்."

இந்தக் குறிப்புகளை எழுதுவது அந்த ஒரு கிழமையைப் பற்றித்தான். ஆனால் இலங்கை மலைநாட்டில் ஹாலிஎலைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு தரம் போய் வராமல் இதைச் சொல்ல எனக்கு வராது.

2

நம்ம ஆட்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடிந்ததும் தோட்டத்து வேலையாட்கள் எல்லாரும் ஒரு களத்தில் வந்து நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு, இன்றைக்கு யார் எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று பிரித்து அனுப்புவார். பிந்தி வந்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அதற்குப் பெயர்தான் பெரட்டு.

இதில் ஒரு விசேஷம் உண்டு. சுகமில்லாத ஆளும் பெரட்டுக்கு வர வேண்டும். வந்து நின்று, எனக்குச் சுகமில்லை என்று காட்டி, ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாங்க வேண்டும். அந்தத் துண்டு இருந்தால்தான் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கிடைக்கும். வேலைக்கு வர முடியவில்லை என்று சொல்வதற்காகவே வேலைக்கு வர வேண்டும். யாரும் இதை விசித்திரமாக நினைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஐப்பசி மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா இருட்டோடு இருட்டாக தோட்டத்தின் வேறு டிவிஷனுக்கு வேலைக்குப் போய்விட்டார். அம்மா லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டில் எங்களுக்கிருந்த ஒற்றை அறையில், கம்பளியைச் சுற்றிக்கொண்டு கிடந்தாள். பல் கிட்டிக்கொண்டிருந்தது.

"ராசா, நீ ஓடிப்போயி கணக்கப்பிள்ளைகிட்ட சொல்லுய்யா. அம்மாவுக்குக் காய்ச்சல்னு சொல்லி துண்டை வாங்கிட்டு வந்துரு."

ஓடினேன். கணக்கப்பிள்ளை குடைக்குள் இருந்தபடியே கேட்டார்.

"காய்ச்சல் ஒனக்கா, ஒங்க அம்மாவுக்கா?"

"அம்மாவுக்குங்க."

"அப்ப அவளை வந்து நிக்கச் சொல்லு. ஆளைப் பாக்காம துண்டு குடுக்க நான் என்ன சாமியாடியா?"

களத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் திரும்ப ஓடினேன். அம்மாவால் எழும்ப முடியவில்லை. என் மூத்த அக்கா பார்வதி, "கெடக்கட்டும் விடுறா, நான் கஞ்சி வச்சுத் தாறேன்" என்றாள். நான் கேட்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "எந்திரிம்மா. பெரட்டுக் கலைஞ்சிரும். எந்திரி, எந்திரி."

எழுந்தாள். தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு, படிக்கட்டுப் பாதையில் தேயிலைச் செடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். கணக்கப்பிள்ளை புறங்கையை அவள் நெற்றியில் வைத்துப் பார்த்தார். "ம், காயுது" என்றார். துண்டு கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு அதே மழையில் இரண்டு மைல் இறங்கினோம், டிஸ்பென்சரிக்கு.

நேரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன் என்று எனக்கு அன்றைக்கு ஒரே பெருமை. அம்மா அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தாள். ஆனால் அந்த மாசம் பிடித்த இருமல் கடைசிவரை அவளை விடவில்லை. துளசி பிறக்கும் முன்பே அம்மா போய்விட்டாள்.

3

இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. நல்ல காய்ச்சல், கண் திறக்க முடியவில்லை. நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடித்து பெக்டரிக்குப் போய், லைன் சுப்பர்வைசர் முன்னால் நின்றேன். அவள் ஒரு வெள்ளைக்காரப் பெண், தங்கமான மனுஷி.

"எனக்குச் சுகமில்லை. இன்றைக்கு வேலைக்கு வர முடியாது" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆனால் வந்திருக்கிறாயே?"

"ஆமாம். வர முடியாது என்று சொல்ல வந்தேன்."

சொன்னபடியே நெற்றியை வேறு நீட்டினேன். தொட்டுப் பார்க்கட்டும் என்று. அவள் இரண்டு அடி பின்னால் போனாள். சாப்பாட்டுச் சாமான் செய்கிற இடத்துக்குள் காய்ச்சலோடு வந்துவிட்டேன் அல்லவா! நான் நின்ற இடம், தொட்ட கதவு, கை வைத்த மேசை எல்லாவற்றையும் மருந்து போட்டுக் கழுவ, லைன் முக்கால் மணி நேரம் நின்றது. ஒரு வருஷம் முழுக்க என்னைக் கண்டால் பையன்கள் நெற்றியை நீட்டுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பிறகுதான் சொன்னார்கள், இங்கே முதல் ஏழு நாளைக்கு டாக்டர் துண்டே தேவையில்லையாம். வீட்டில் இருந்தபடி போன் பண்ணினால் போதும். திரும்பி வந்ததும் ஒரு படிவத்தில் எனக்கு இன்ன வருத்தம் என்று நாமே எழுதிக் கையெழுத்துப் போடலாம். நான் நம்பவில்லை. தன் காய்ச்சலுக்குத் தானே சாட்சியா? அடக் கடவுளே, ஒரு நாடு இப்படியும் நடக்குமா என்று வசந்தியிடம் கேட்டேன். அந்தப் படிவத்தை நான் இன்றுவரை நிரப்பியதில்லை. அதற்குப் பிறகு வந்த காய்ச்சல்களை யாருக்கும் சொல்லாமல் மாத்திரை போட்டு விழுங்கிவிட்டேன்.

4

உழைப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இந்த வீடு உழைப்பால் வந்தது. துளசியின் படிப்பும் அப்படித்தான். லயத்தில் ஒரே காம்பராவில் ஆறு பேர் படுத்த எனக்கு, மகளுக்கென்று தனி அறை கொடுக்க முடிந்ததே, அது சும்மா வரவில்லை. நேரத்தை நான் வீணாக்கியது கிடையாது. பஸ்ஸில் தூங்குவேன், இடைவேளையில் கடிதங்களுக்குப் பதில் எழுதுவேன், முடி வெட்டப் போனால்கூட வரிசையில் நின்றுகொண்டு வங்கிக்குப் போன் பண்ணுவேன்.

இந்தக் கெட்டித்தனத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை ஒட்டினேன். காலை ஐந்தேகாலுக்கு எல்லாரும் சமையலறையில் நிற்க வேண்டும். இன்றைக்கு யாருக்கு என்ன வேலை, எத்தனை மணிக்கு என்ன பாடம் என்று வாசிப்பேன், டிக் போடுவேன். வேடிக்கையாகத்தான் அதற்குப் பெரட்டு என்று பெயர் வைத்தேன். துளசி சின்னவளாக இருந்தபோது அவளுக்கு அது பெரிய விளையாட்டு. முதுகில் பள்ளிக்கூடப் பையைக் கொழுந்துக் கூடை மாதிரித் தொங்கவிட்டுக்கொண்டு, ஃபிரிட்ஜுக்கும் கதவுக்கும் நடுவில் அவளுக்கென்று ஒரு இடம், அங்கே விறைப்பாக நிற்பாள். "வந்துட்டேன் ஐயா!" என்று கத்துவாள். நாங்கள் மூன்று பேரும் சிரிப்போம்.

பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான ஏ லெவல் பரீட்சை வந்தபோது விளையாட்டு இல்லாமல் போனது. பெரட்டு மட்டும் இருந்தது.

அந்த மாசி மாதத்தில் ஒரு காலை அவள் படியிறங்கி வந்து, "அப்பா, ஏலாம இருக்கு. தொண்டை நோகுது" என்றாள்.

புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தேன். பெரிதாகக் காயவில்லை. "காய்ச்சல் இல்லம்மா. மூஞ்சியைக் கழுவிட்டு வா, சரியாயிரும்."

மறுநாளும் வந்தாள், நெற்றியை நீட்டினாள். அதற்கு மறுநாளும். நான் ஒவ்வொரு நாளும் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் அனுப்பினேன். வசந்தி ஒரு நாள் சத்தம் போட்டாள்: "பிள்ளை மூஞ்சியைப் பாருங்க, வெளுத்துப் போயிருக்கு. ஒரு நாளைக்குப் படுக்கட்டுமே." நான் சொன்ன பதில் இப்போதும் காதில் கேட்கிறது. "இன்னைக்குப் படுத்தா நாளைக்கும் படுப்பா. பழகிரும்."

பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். வகுப்பில் தூங்குகிறாளாம். அந்த டீச்சர் மெதுவாகக் கேட்டார், உங்கள் வீட்டில் பிள்ளைக்கு 'டவுன்டைம்' இருக்கிறதா என்று. எங்கள் பெக்டரியில் டவுன்டைம் என்றால் மெஷின் பழுதாகி லைன் நின்றுபோகிற நேரம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்கள் வீட்டில் அப்படி ஒன்று நடக்கவே விடமாட்டேன்" என்றேன். டீச்சர் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். அவர் கேட்டது ஓய்வு நேரத்தை என்று வசந்தி பிறகுதான் சொன்னாள்.

டாக்டரிடம் போவதென்றால் காலை சரியாக எட்டு மணிக்குப் போன் அடிக்க வேண்டும். எட்டு மூன்றுக்கு அடித்தால், நீங்கள் வரிசையில் பத்தொன்பதாவது ஆள் என்று ஒரு குரல் சொல்லும். உங்கள் முறை வரும்போது, இன்றைக்கு இடம் முடிந்துவிட்டது, நாளைக்கு எட்டு மணிக்கு எடுங்கள் என்பார்கள். வசந்தி நாலு நாள் முயன்றாள். எட்டு மணிக்கு நான் பாண் லைனில் நின்றேன். நான் ஒரு நாளும் முயலவில்லை.

ஐந்தாவது கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை, ஐந்தேகாலுக்கு அவள் தன் இடத்தில் வந்து நின்றாள். நான் அட்டவணையைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தேன். டம் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் பிள்ளை தரையில் கிடக்கிறாள். மேசை விளிம்பில் அடிபட்டுப் புருவத்துக்கு மேலே பிளந்திருந்தது.

5

ஆஸ்பத்திரியில் ஐந்து தையல் போட்டார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தொண்டைச் சுரப்பிகளில் வருகிற ஒரு காய்ச்சல், மாதக் கணக்கில் ஆளை அடித்துப் போடும் என்றார் இளம் டாக்டர். நான் மருந்துக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"மருந்து இல்லை. ஓய்வுதான்" என்றார்.

"எத்தனை மணி நேரம்?"

அவர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். "கிழமைக் கணக்கில். அவளுக்கே போதும் என்று தோன்றும் வரை."

தாதி துளசியிடம் கேட்டாள்: ஐந்து கிழமையாக இப்படி இருந்திருக்கிறாயே, ஏன் யாருக்கும் சொல்லவில்லை?

"ஒவ்வொரு நாளும் கீழே போய் அப்பாவிடம் காட்டினேன்" என்றாள் துளசி. இங்கிலீஷில் சொன்னாள், கோபமே இல்லாமல். அந்தத் தாதி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் யாருக்கும் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன். வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்தபோது எனக்குப் பத்து வயது. இப்போது சொல்ல அந்தச் சாக்கும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அட்டவணையைக் கிழித்தேன். டேப் ஒட்டிய நாலு மூலைத் தழும்பும் ஃபிரிட்ஜ் கதவில் இன்னும் இருக்கிறது. துளசிக்கு அந்த வருஷப் பரீட்சை போனது. அடுத்த வருஷம் எழுதினாள், நன்றாகத்தான் செய்தாள். பல்கலைக்கழகம் தெரிவு செய்யும்போது பக்கத்தில் நல்ல இடம் இருந்தும், தூரமானதை எடுத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

6

லீவின் முதல் நாள் வெள்ளிக்கிழமை. பின்னேரக் கடைக்கும் ஒரு கிழமை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பகல் பதினொரு மணிக்கு வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல், ஊரில் பூனாகலைத் தோட்டத்துக்குப் போன் போட்டேன். பார்வதியக்கா அங்கேதான் வாக்கப்பட்டுப் போனாள். இந்த வயதிலும் கொழுந்துக்குப் போகிறாள்.

"என்னடா தம்பி, இந்த நேரத்துல? ஒடம்பு சரியில்லையா?"

"இல்லக்கா. லீவு."

"லீவா? ஐயையோ, வேலை போயிருச்சா?"

"இல்லக்கா, சும்மாதான். வீட்டுல இருக்கச் சொல்லியிருக்காங்க."

அக்காவுக்கு விளங்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இங்கயும் மேமலையில செடியைக் குட்டையா கவ்வாத்து வெட்டிப் போட்டிருக்காங்க. தளுத்து வர்ற வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கக் கூடாதாம். செடிக்குத்தான் லீவு. எங்களைக் கீமலைக்கு அனுப்பிட்டாங்க" என்று சிரித்தாள். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அது இருக்கு அது பாட்டுக்கு" என்றாள்.

பின்னேரம் துளசி வந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். புருவத்துக்கு மேலே தழும்பு மெல்லிய கோடாகத் தெரிந்தது. சோபாவில் உட்கார்ந்திருந்த என்னைச் சுற்றிச் சுற்றி வந்து சோதனை போட்டாள்.

"உண்மையாவே சும்மா இருக்கீங்களா? இல்ல, நான் போனப்புறம் செய்ய லிஸ்ட் எழுதுறீங்களா?"

சட்டைப் பையில் லிஸ்ட் இருந்தது. வசந்தி காட்டிக்கொடுத்துவிட்டாள். துளசி அதை எடுத்துப் பதினான்கு வேலையையும் சத்தமாக வாசித்து, வாசித்துச் சிரித்தாள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தச் சமையலறையில் அவள் அப்படிச் சிரிக்கிறாள்! சனியும் ஞாயிறும் நல்லபடியாகப் போயின. இரண்டு படம் பார்த்தோம். நான் இரண்டிலும் பாதியில் தூங்கிவிட்டேன். அதற்கும் அவள் புள்ளி போட்டாள்.

திங்கட்கிழமை எனக்கு வழக்கம்போல நாலே முக்காலுக்கே விழிப்பு வந்துவிட்டது. சத்தம் போடாமல் குளித்து, உடுத்துக் கீழே வந்து, பால் இல்லாமல் ஒரு பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். படியில் காலடிச் சத்தம் கேட்டது. துளசி.

தூக்கம் கலையாத முகத்தோடு வந்தாள். ஃபிரிட்ஜுக்கும் கதவுக்கும் நடுவில், அந்த இடத்திலேயே நின்றாள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தேகால்.

"அப்பா, தொண்டை நோகுது. காயுற மாதிரியும் இருக்கு. பாருங்க."

சொல்லிவிட்டு நெற்றியை நீட்டினாள்.

என் கை தானாக எழும்பிவிட்டது. பாதி வழியில் நிறுத்தி, மடியில் வைத்து மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன்.

"நான் பாக்க வேண்டியதில்லம்மா. நீ சொன்னாப் போதும். போய்ப் படு."

"பாக்கலையா?"

"இல்ல. போய்ப் படு."

போகாமல் நின்றாள். "எத்தனை மணி வரைக்கும்?"

ஆஸ்பத்திரியில் நான் கேட்ட அதே கேள்வி. டாக்டர் சொன்ன பதிலைத்தான் நானும் சொன்னேன். "ஒனக்குப் போதும்னு தோணுற வரைக்கும்."

தலையை ஆட்டிவிட்டு மேலே போனாள். நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆனால் சரியாக ஆறு மணிக்கு அவள் அறையில் அலாரம் அடித்தது. மறுபடி காலடிச் சத்தம். முகம் கழுவி, தலையைக் கட்டி, அதே இடத்தில் வந்து நின்றாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன.

"இப்பப் பரவாயில்லப்பா. ஏதாச்சும் செய்யணுமா?"

வேலைக்குப் புறப்பட்டு வந்த வசந்தி படியிலேயே நின்றுவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். படு என்று நான் ஆயிரம் தரம் சொன்னாலும் இந்தப் பிள்ளை நம்பாது. நான் சொல்லிக்கொடுத்தது அது இல்லையே. நாலே முக்காலுக்கே எழும்பி, குளித்து, உடுத்து உட்கார்ந்திருக்கிறவன் சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

கோப்பையைக் கழுவாமல் அப்படியே வைத்தேன்.

"எனக்கும் ஏலாம இருக்கும்மா. நான் போய்ப் படுக்கப் போறேன்."

"நீங்களா? இப்பவா?"

"ஆமா."

மேலே போய், கட்டிலில் சாய்ந்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். வெளியே நன்றாக விடிந்துவிட்டது. திங்கட்கிழமை விடிந்த பிறகு நான் படுத்தது அன்றைக்குத்தான். துளசி பின்னாலேயே வந்தாள். அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், நான் உண்மையாகத்தான் படுக்கிறேனா என்று. கண்ணை இறுக்கி மூடினேன். கீழே வசந்தி கதவைச் சாத்திக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. துளசி போகவில்லை, அறை வாசலில் அவள் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமோ. பிறகு அவளுடைய அறைக் கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. அவள் கட்டில் ஒரு தரம் முனகியது.

எங்கள் கட்டில் பழையது, புரண்டால் கிரீச்சிடும். சத்தம் கேட்டால் துளசி எழும்பி வந்துவிடுவாள் என்று பயந்து, தூக்கம் வராமலே, ஒன்பதரை மணி வரை ஒரே பக்கமாக அசையாமல் கிடந்தேன்.